கேட் திறக்கிற ஆள்

லயல் டிரான்டரிடமிருந்து பேச்சை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பதினாறு வருஷம் அவனுடைய மாட்டுப் பண்ணையில் சமையல்காரனாக இருந்தேன். அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குக் காணாது. வேலி கட்ட, மாடு மடக்க, எஞ்சின் பழுது பார்க்க அவனைப் போல ஆள் கிடையாது. வீட்டுக்குள் வந்தால் மட்டும் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான்.

ஆஸ்திரேலியாவில், வட குயின்ஸ்லாந்தில் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மழை பிடித்தால் மார்ச் கடைசி வரை யாரும் எங்கும் போக முடியாது. ஆறு ஏறிவிடும், பாதை சேறாகிவிடும், தபால் விமானம் இறங்குகிற மண் தரையும் சதசதத்துப் போகும். மாட்டுக்காரர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது லயல், அவன் மனைவி மெர்ல், மூன்று பிள்ளைகள், நான். பெரியவள் டெஸ்லிக்குப் பதினொன்று, நெவிலுக்கு எட்டு, ஜில்லுக்கு ஐந்து.

எழுபத்து மூன்றாம் வருஷ மழை எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. பிப்ரவரிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை. நெவில் ஜில்லைக் கடித்தான். டெஸ்லி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். மெர்ல் ஒரு நாள் உப்பு மாட்டுக்கறியைத் தட்டோடு ஜன்னல் வழியே வீசினாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. சமைத்தவன் நானல்லவா?

ஏப்ரலில் ஒரு காலை, லயல் மேஜையில் இருக்கும்போதே அவள் என்னிடம் சொன்னாள்:

"அடுத்த மழையும் இப்படியே போச்சுன்னா, முதல் தபால் பிளேன்ல பிள்ளைங்களக் கூட்டிட்டு ராக்ஹாம்ப்டன்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், ஹெக். திரும்பி வரமாட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்ற? அந்தா உக்காந்திருக்கானே, அவன்கிட்ட சொல்லு."

"அவன்கிட்ட சொன்னா பதில் வருமா?"

லயல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான். அவனைக் கரண்டியால் அடிக்கலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த மழை வந்தது. ஜனவரி பாதிக்குள் பிள்ளைகள் எலியும் பூனையுமாக ஆகிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் லயல் குளித்து, சலவைச் சட்டையும் நல்ல தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"டவுனுக்கு யார் வர்றீங்க?"

ஆற்றில் இருபதடித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றான் நெவில்.

"ஷூ போட்டவங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்."

சமையலறைக்குப் பக்கத்தில் பண்ணை லாரி சேற்றில் புதைந்து நின்றது. லயல் அதில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். எஞ்சின் ஓடவில்லை. பாதையை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். மேடு வந்தது, ஓடை வந்தது. பிறகு, "கேட்," என்றான்.

டவுனுக்கு நூற்று இருபது மைல், நடுவில் மாட்டு வேலிகளில் ஆறு கேட். கதவோரம் உட்கார்ந்தவர் இறங்கித் திறந்து, லாரி தாண்டியதும் மூடிவிட்டு ஏற வேண்டும். டிரைவர் இறங்குவதில்லை. எங்கள் பக்கம் அது சட்டம் மாதிரி. நெவில் மழையில் இறங்கி, இல்லாத கேட்டைத் திறந்து, மூடி, ஏறினான்.

"கொண்டி போட்டியா?"

"போட்டேன்னுதான் நினைக்கறேன்."

"மாடு வெளிய வந்தா நீதான் பிடிக்கணும்."

நெவில் இறங்கிப் போய்க் கொண்டியைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆறு கேட் முடிந்ததும் மறுபக்கக் கதவு வழியாக இறங்கினால் டவுன். வராந்தாதான் கடைத்தெரு, என் சமையலறை ஜன்னல்தான் கடை. என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"ரெண்டு ஐஸ்கிரீம் குடுங்க," என்றாள் டெஸ்லி.

"ஐஸ்கிரீம் தீந்துபோச்சு. மாவு இருக்கு, மாவுல வண்டு இருக்கு. எது வேணும்?"

ஜில் வண்டு கேட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் டவுன். சண்டை நிற்கவில்லை. கதவோர இடம் யாருக்கு என்ற ஒரே சண்டையாகச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். இருவழி ரேடியோவில் பாடம் எடுக்கும் டீச்சர் வாரச் செய்தி கேட்டபோது, டவுனுக்குப் போய்வந்தோம் என்று நெவில் சொல்லிவிட்டான். அது எல்லாப் பண்ணையிலும் கேட்கும். டிரான்டர் எப்படி ஆற்றைத் தாண்டினான் என்று நாலு நாள் ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

மெர்ல் மட்டும் ஜன்னலோரம் துணி தைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். நாலாவது சனிக்கிழமை நீல கவுனைப் போட்டுக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். முதல் கேட்டுக்கு இறங்கினாள், ஏறினாள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கேட்டை மூடிவிட்டு ஏறாமல் மழையிலேயே நின்றாள்.

"லயல், எத்தன வருஷமா நான் கேட் திறக்கறேன்?"

அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான்.

"பன்னெண்டு வருஷம். நெவில் வயித்துல எட்டு மாசம், அப்பவும் நாந்தான் இறங்கினேன். நீ ஒரு தடவ இறங்கினதில்ல."

"டிரைவர் இறங்கறதில்லையே, மெர்ல்."

சமையலறையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயே திறக்காதவன் திறந்தால் இப்படித்தான்.

"எனக்கும் ஓட்டத் தெரியும்," என்றாள். "நீ கேட்டதே இல்ல." உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் வீடு வாயடைத்துக் கிடந்தது. போன வருஷம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை லயல் சலவைச் சட்டையோடு பிள்ளைகளை லாரியில் ஏற்றி, தானும் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தான். டிரைவர் இடம் காலி. இருபது நிமிஷம் மழை கூரையில் கொட்டியது. பிறகு மெர்ல் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"கேட்," என்றாள்.

இறங்கினான். கொண்டி போடவில்லை என்று திரும்ப இறக்கினாள். சீக்கிரம் ஏறு என்று ஹாரன் அடித்தாள். அன்றைக்கு டவுனுக்குப் போகிற வழியில் பதினாலு கேட் இருந்தன. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மார்ச் கடைசியில் தபால் விமானம் இறங்கியது. மெர்ல் அக்காவுக்கு ஒரு கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினாள். பாதை காய்ந்ததும் எல்லோருமாக டவுனுக்குப் போய், அங்கிருந்து தானும் பிள்ளைகளும் ரயிலில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். திரும்புவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கேளேன்டா," என்றேன் லயலிடம்.

"கேட்டா பதில் சொல்லிருவாளே," என்றான்.

கிளம்பிய அன்று அவள்தான் ஓட்டினாள். எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது, பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்து கேட்டுக்கும் லயல் இறங்கி ஏறினான். ஆறாவதைத் தாண்டினால் பெரிய ரோடு. திறந்தான், லாரி தாண்டியது, மூடிக் கொண்டியைப் போட்டான். லாரி நிற்கவில்லை.

நூறு கஜம் போனது, இருநூறு போனது. லயல் கத்தவில்லை, ஓடி வரவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். இந்தத் தடவை பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் கூண்டின் கூரையில் ஓங்கித் தட்டினேன்.

லாரி நின்றது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, மெதுவாகப் பின்னால் போனது. மெர்ல் தலையை வெளியே நீட்டினாள்.

"அழுதியா?"

"தூசி."

"தூசி கன்னத்துல வழியுமா?"

அவன் தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.

"நீ திரும்பி வருவியா, மெர்ல்?"

"இதக் கேக்க உனக்கு இவ்வளவு தூரம் வேண்டியிருக்கு," என்றாள். "வருவேன். ஏறு."