எஸ்தர் அக்காவும் ஒற்றை டயரும்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனையில் அவருடைய காருக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருநாளும் தாமதமாக வராதவர் அன்று வரவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தினமும் என்னைத் திட்டுகிறவர் இன்று மாட்டிக்கொண்டார், வரட்டும் பார்க்கலாம் என்று நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அப்போதுதான் கலைச்செல்வி போன் செய்தாள். “அக்கா எழுந்திரிக்கலடி. அவுங்க அண்ணன் கதவத் தட்டித் தட்டிப் பாத்திருக்காரு” என்றாள். தயார் செய்த நாலு வாக்கியத்தையும் இனி யாரிடம் சொல்வது?

குமராட்சிப் பக்கம் வேதியியல் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வீட்டில் அண்ணன் சேவியர் குடும்பத்தோடு இருந்தார். முதுநகரிலிருந்து சிதம்பரம் வழியாகக் குமராட்சி வரை நாங்கள் நால்வர் அக்காவின் காரில் போய்வருவோம். அக்கா, கணக்கு எடுக்கும் கலைச்செல்வி, விளையாட்டு ஆசிரியர் முருகவேல் சார், தமிழ் எடுக்கும் நான். கார் வருவதற்கு முன் ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடத்து வெள்ளம் ரோட்டில் ஏறி மினிபஸ் நின்றுபோக, டிராக்டரில் நின்றபடி பள்ளிக்குப் போனோம். அக்காவின் புடவை முழுக்கச் சேறு. அடுத்த கோடையில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்தப் பெரிய கார் வந்து நின்றது.

சேவியர் அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. “தனியா இருக்கிற பொம்பளைக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? மலையேறுற வண்டி இது. நம்மூர்ல எந்த மலையில ஏறப் போற?” என்று கேட்டார். “ஏன், கேப்பர் மலை இல்லையா?” என்றார் அக்கா. கேப்பர் மலையை மலை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் நம்மூர்க்காரராகப் பிறந்திருக்க வேண்டும். அண்ணன் சிரிக்கவில்லை. வண்டியில் முதல் பெரிய செலவு வந்த அன்றே விற்றுவிட வேண்டும் என்று தங்கையிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். வாரண்டி இருக்கிறதே, செலவு எங்கிருந்து வரப்போகிறது என்ற தைரியத்தில் அக்காவும் கொடுத்துவிட்டார்.

அந்தத் தைரியம் புதுச்சத்திரம் தாண்டி ஒரு கம்பியில் கிழிந்தது. டயரின் பக்கவாட்டில் நீளமான கிழிசல், ஒட்டவே முடியாது. சிதம்பரத்துக் கடையில் அதே கம்பெனி டயர் கையிருப்பில் இல்லை. வேறு கம்பெனியில் அதே அளவு இருந்தது. “இந்த மாதிரி வண்டிக்கு நாலும் ஒண்ணா மாத்துறதுதான் நல்லதுங்க” என்று கடைக்காரர் இழுத்தார். நாங்கள் மூவரும் பாய்ந்தோம். ஒன்று கிழிந்ததற்கு யாராவது நாலு வாங்குவார்களா? பள்ளிக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. தேய்ந்த டயர் மூன்று, புது டயர் ஒன்று என்று வண்டி கிளம்பியது.

சில நாளில் திருப்பங்களில் வண்டி அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தது. பிறகு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கடலூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து அறிகுறிகளைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு தம்பி, “மேடம், டயர் ஏதாச்சும் மாத்துனீங்களா? ஒண்ணு மட்டும் மாத்தியிருந்தா வாரண்டி கஷ்டம். சனிக்கிழம கொண்டாங்க, பாத்துடலாம்” என்றான். அக்கா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். வாரண்டி போனால் செலவு. செலவு வந்தால் வண்டி போகும். வண்டி போனால் மழைக்காலத்தில் மறுபடியும் டிராக்டர். அவர் அந்த வண்டியை எவ்வளவு நேசித்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகமே சின்னதாகிவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் திட்டம் முருகவேல் சாருடையது. மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் மச்சானிடம் இதே வண்டி இருக்கிறது. அவர் சக்கரங்கள் நாலையும் சனிக்கிழமை ஒருநாள் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய்க் காட்டினால் யாருக்குத் தெரியும்? கலைச்செல்வி உடனே ஜாக்கி யாரிடம் வாங்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள். எனக்கும் திட்டம் பிடித்திருந்தது. அக்கா கண்ணாடி வழியாக எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்: “ஏற்கெனவே நாலு பேரு இருக்கோம். நாலு டிபன் பை. கலை ஹேண்ட்பேக்குக்கே தனி சீட்டு வேணும். இதுல பொய்யயும் ஏத்திக்கிட்டா அத எங்க உக்கார வைக்கிறது? தெனம் கூடவே வரும், எறங்கவே எறங்காது.”

சனிக்கிழமை நால்வரும் போனோம். அந்தத் தம்பி குனிந்து சக்கரத்தைப் பார்க்கும் முன்பே அக்கா சொல்லிவிட்டார். “தம்பி, மூணு தேஞ்சது, ஒண்ணு புதுசு. கம்பெனியும் வேற. போடச் சொன்னது நான்தான்.” முருகவேல் சார் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி பொறுமையாக விளக்கினான். புது டயர் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் நாலு சக்கரமும் ஒரே மாதிரி சுற்றாது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கு போடும் பாகம் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டியே சூடாகிவிடும். “அதனால மொத்த வாரண்டியும் கேன்சல்தாங்க மேடம்” என்று முடித்தான்.

“அது எப்டி?” என்றார் அக்கா. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் அது. “ஒரு பையன் கெமிஸ்ட்ரில பெயிலாயிட்டான்னா தமிழ்லயும் பெயில்னு போட்டுருவீங்களா? டயரால எது கெட்டுச்சோ அது என் தலையில. ஏசிக்கும் டயருக்கும் இன்னா சம்பந்தம்? அந்தப் பாகம் கெட்டுடுச்சுன்னுதான் யாரு பாத்தா? மொதல்ல கழட்டிப் பாருங்க.” உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். அவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், தன் தப்பு உட்பட. தப்பை முன்னாலேயே ஒப்புக்கொண்டு சண்டை போடுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வண்டியை மேலே தூக்கச் சொன்னார்.

பாகம் கெடவில்லை. சூடானதும் தானே வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறது, அதற்குத்தான் அந்த விளக்கு. “நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. இப்டியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா எரிஞ்சு போயிருக்கும்” என்றார் மேனேஜர். அங்கேயே ஒரே மாதிரி நாலு டயர் போட்டு, ஆயிலை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. நாலும் ஒரே மாதிரி இருக்கும்வரை வாரண்டி தொடரும் என்று மேனேஜர் சொன்னார். மச்சானின் சக்கரங்களோடு வந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்து, மறுநாள் பழைய டயர்களை மாட்டி, வண்டியை எரித்திருப்போம். திரும்பும் வழியில் அக்கா இரண்டு முறை, “மேல்பட்டாம்பாக்கம் போலாமா சார்?” என்று கேட்டார்.

நாலு டயருக்குப் பணம் போனதில், அந்தக் கோடையில் அக்கா வீட்டுக்கு வரவிருந்த ஏசி வரவில்லை. டயர் செலவு வந்ததையும் அண்ணனிடம் அவரே போய்ச் சொன்னார். “வாக்கு குடுத்தேன், இல்லேன்னு சொல்லல. வித்துடுன்னா விக்கிறேன்” என்று சாவியை மேசைமேல் வைத்தாராம். சேவியர் அண்ணன் சாவியை நகர்த்தி, “எடுத்துக்கிட்டுப் போ” என்றாராம். அதற்குப் பிறகு எத்தனை மழை! ரோட்டில் தண்ணீர் நின்ற நாட்களிலும் பரீட்சைக்கு நாங்கள் நால்வரும் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடுவார். கொஞ்சமும் சுருதி சேராது. கதவைத் திறந்து வெள்ளத்தில் குதித்துவிடலாமா என்றிருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வெறும் நினைவுதான் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், ஆனால் பொய். வண்டியையே வைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, விலைக்குக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிச் சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சாவியைக் கையில் வைத்திருந்தார், கொடுக்கவில்லை. “மொதல்ல உக்காரும்மா” என்றார்.

“வாங்குறவங்ககிட்ட எதயும் ஒளிக்கக் கூடாது. இந்த வண்டில ஒரு தடவ டயர் ஒண்ண மட்டும் மாத்திப் போட்டு ஓட்டிட்டாங்க. லைட்டு எரிஞ்சுது. அப்புறம் சர்வீஸ்ல கொண்டுபோய்...”

அந்த டயரைப் போடச் சொல்லிக் கத்தியவளே நான்தான் அண்ணே என்று நாக்கு நுனி வரை வந்தது. அன்று வண்டியில் நானும் இருந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் தங்கை இருந்திருந்தால் செய்திருப்பதைப் போலவே ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய. நான் முதல்முறை கேட்பவளைப் போலக் கடைசிவரை கேட்டேன். பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.