பத்து வீட்டுக் கணக்கெடுப்பு

எங்கள் டவுன்ஷிப்பில் சமூக அறிவியலை யாரும் ஒரு பாடமாகவே மதித்ததில்லை. கணக்கு டியூஷனுக்கு நாலு பிளாக் தள்ளி சைக்கிள் மிதிப்போம். சோசியலுக்கு டியூஷன் எடுக்கிறவர் ஊரில் யாராவது இருந்தாரா என்றே எனக்குத் தெரியாது. பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போட்டால் போதும் என்பதுதான் பொதுவான எண்ணம். முகலாயரைப் பற்றித் தெரிந்தால் பாய்லர் ஓடுமா என்று அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்த என் அப்பா கேட்பார். பள்ளியில் அதைப் படித்து என்ன பிரயோஜனம் என்று இப்போதும் யாராவது பேச்செடுத்தால், ஒரு குடும்பத்தை வீடு காலி செய்ய வைக்கிற அளவுக்குப் பிரயோஜனம் உண்டு என்று சொல்ல வாய் வரை வரும். இதுவரை சொன்னதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது புதிதாக வந்த சோசியல் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்குப் பத்து வீடு. பத்துக் கேள்வி. சொந்த ஊர் எது, எத்தனை பேர், வேலை நிரந்தரமா கான்ட்ராக்டா, வீடு யார் பெயரில் ஒதுக்கப்பட்டது என்று போகும். நம் வீட்டை நாமே எழுதக் கூடாது, கேட்டதை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் அவர் போட்ட விதி. எனக்கு விதி என்றால் பிடிக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

என் பட்டியலில் ஏழாவது வீடு என் தோழியுடையது. எங்கள் பிளாக்கிலேயே, அடுத்த தெரு. அவள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆனாலும் அவர்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்கள். எப்படி என்று பிளாக் முழுக்கத் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்டேன். அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கை நிறையக் கறை. என்னை உள்ளே உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"வூடு எங்க பேர்ல எங்க கண்ணு இருக்குது? வடலூர்ல வூடு கட்டிக்கினு போயிட்டாரே, அந்த சாரு பேர்ல இருக்குது. நாங்க உள்வாடகைக்கு இருக்கறோம். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். தோழி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ.

மற்ற ஒன்பது வீடும் ஒரே அச்சு. அப்பா நிரந்தரம், வீடு அப்பா பெயரில். வட்ட விளக்கப்படம் வரைந்தபோது இந்த ஒரு வீடுதான் படத்தையே அழகாக்கியது. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குச் சிவப்பு ஸ்கெட்ச் அடித்து, 'உள்வாடகை' என்று தடித்த எழுத்தில் எழுதினேன். கீழே அட்டவணையில் பெயர்கள் இல்லை. மிஸ் பெயர் எழுத வேண்டாம் என்றிருந்தார். கதவு எண் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

அது வெளியே தெரியக் கூடாத விஷயம் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். ஊருக்கே தெரிந்ததை எழுதினால் என்ன என்று நினைத்தேனா, எதையுமே நினைக்கவில்லையா என்பதுதான் ஞாபகமில்லை. எனக்குச் சாதகமாக ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளலாம். இஷ்டமில்லை.

மிஸ் என் சார்ட்டைப் பள்ளிக் கண்காட்சியில் வாசலுக்கு நேராக மாட்டினார். முதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், வேறொரு மாணவியின் அப்பா, என் சார்ட் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். நன்றாக வரைந்திருக்கிறாய் என்று என்னிடம் சொன்னார். நான் தேங்க்ஸ் அங்கிள் என்றேன்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அறிவியல் பரீட்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் வாசலில் மினி லாரி நின்றது. பீரோவை ஏற்றிவிட்டார்கள். காடாம்புலியூரில் அவள் அம்மாவின் அண்ணன் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். நான் தெருமுனையிலேயே நின்றேன். அவள் அம்மாதான் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நீ இன்னா கண்ணு பண்ணுவ? நான் சொன்னதத்தான எழுதுன."

அவர் திட்டியிருக்கலாம். தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், ரசம் சாதம். மறுநாள் சோசியல் பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தோழி அதே பள்ளிக்கு பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். பிரேயருக்குப் பிறகுதான் வந்து சேருவாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். நான் கேட்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து மிஸ் கணக்கெடுப்பு நோட்டுகளைத் திருத்திக் கொடுத்தார். அன்று அவள் வரவில்லை. அவளுடையதை என்னிடம் கொடுத்து, கொடுத்துவிடு என்றார். சாயங்காலம் வீட்டில் அதைத் திறந்தேன். அவள் எழுதிய பத்து வீட்டில் எங்கள் வீடும் ஒன்று.

எங்கள் வீட்டுக்கான பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை பதில் இருந்தது. ஏழு முதல் பத்து வரை இருந்தது. ஆறாவது இடம் காலி. ஆறாவது கேள்வி, குடும்பத் தலைவர் சென்ற மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பது. அந்த மாதம் என் அப்பா ஒருநாள்கூடப் போகவில்லை. குடித்துவிட்டு டியூட்டிக்குப் போனதற்காக அவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மெடிக்கல் லீவ் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். தோழிக்கு உண்மை தெரியும், நானே அழுதுகொண்டு சொன்னது. அவள் எங்கள் ஹாலில் உட்கார்ந்து கேள்விகளைப் படித்தபோது அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் ஐந்திலிருந்து நேராக ஏழுக்குப் போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

காலி இடத்தைச் சுற்றி மிஸ் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். 'ஏன் கேட்கவில்லை? கவனக்குறைவு.' பத்துக்கு ஏழு. எனக்குப் பத்துக்குப் பத்து.

மறுநாள் நோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் திறந்து மார்க்கை மட்டும் பார்த்தாள்.

"உள்ள படிச்சியாடி?"

"இல்லடி."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, "சரி, உங்கப்பா இப்ப வேலைக்குப் போறாரா?" என்று வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.