எதைவிட அம்மாவும் இரண்டு கன்னங்களும்

என் மனைவிக்கு, அவள் வேலை பார்க்கும் க்ரீம் கம்பெனியில் ‘எதைவிட அம்மா’ என்று பெயர். விளம்பரப் பிரிவிலிருந்து யாராவது துள்ளிக் குதித்து வந்து, “மேடம், புது சீரம் போட்டா மூஞ்சி எழுபது சதவீதம் கூடுதலா பளபளக்குதாம்!” என்றால், இவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, “எதைவிட?” என்பாள். அவ்வளவுதான், வந்தவன் மூஞ்சி தொங்கிவிடும். நேற்றைவிடவா, வெறும் தண்ணீரைவிடவா, பக்கத்து வீட்டுக்காரியைவிடவா? எவனாவது அளந்திருந்தால்தானே சொல்வதற்கு!

பத்தொன்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. சோதனைக்கு வரும் பெண்களின் முன்கையில் பேனாவால் கட்டம் போடுவாள். ஒரு கட்டத்தில் புதுச் சரக்கு போட்ட க்ரீம், அடுத்ததில் அந்தச் சரக்கு மட்டும் இல்லாத அதே க்ரீம். எது எதில் என்று அவளுக்கே தெரியாது. அந்தத் தாள் வேறொருவர் மேசையில் பூட்டிக் கிடக்கும். நாலு வாரம் கழித்து விளக்கைப் பிடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவாள். பெரும்பாலும் இரண்டு கட்டத்துக்கும் ஒரே மதிப்பெண். நத்தைச் சளி வந்தது, தங்கத்தூள் வந்தது, மீனின் விந்துகூட வந்தது. எல்லாவற்றையும் இவள் கட்டம் கட்டி உட்கார வைத்தாள்.

எல்லாமே ஏமாற்று என்று சொல்கிறவளும் இல்லை. வெயிலுக்குப் பூசும் க்ரீம் இல்லாமல் என்னை வாசல் தாண்ட விடமாட்டாள். பருவுக்கு டாக்டர் எழுதும் மருந்துகளுக்கு அவளிடம் நல்ல மரியாதை உண்டு. “அதெல்லாம் வருஷக்கணக்கா ஆயிரம் பேர் தோல்ல நின்னு காட்டினது. இது போன மாசம் பொறந்தது. அதுக்குள்ள அற்புதமாம்!” என்பாள். கடையில் டப்பாவை எடுத்தால் பின்பக்கப் பட்டியலை அடியிலிருந்து படிப்பாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் மாதுளை இருக்கும். பின்பக்கம் வாசனைத் திரவியத்துக்கும் கீழே, கடைசி வரியில் பதுங்கியிருக்கும். “க்ரீம் கலக்குற ட்ரம்முக்குப் பக்கத்துல மாதுளையைக் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிருப்பாங்க” என்று கடைக்காரர் காதில் விழும்படி சொல்வாள். நான் பக்கத்து வரிசைக்குக் கம்பி நீட்டிவிடுவேன்.

இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்த எங்கள் மகளுக்குப் பதினேழு வயதில் கன்னம் முழுக்கப் பரு. நாளுக்கு ஏழு பாட்டில், மூன்று தேய்ப்பு. டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டாளாம். ஆனால் சித்தி சொன்னால் வேதவாக்கு. சித்தி என்றால் என் மச்சினி. ஃபோனில் எவள் எதைப் பூசினாலும் மறுநாள் அது இவள் கைப்பையில் இருக்கும். இந்தத் தடவை அவள் கொண்டு வந்தது இரண்டு. ஒன்று, பனிப்பாறைப் பாசிச் சாறு சீரம். இன்னொன்று, மூஞ்சித் தோலையே உரிக்கும் சிவப்பு ஆசிட். அந்தச் சிவப்பைப் பூசிய மகளின் தோழி ஒருத்தி, இரண்டு வாரம் முகக்கவசத்தைக் கழற்றாமல் கல்லூரிக்குப் போனவள்.

“பாசி ஐஸ்லயே உயிரோட இருக்குக்கா. அப்போ நம்ம தோலை என்னமா காப்பாத்தும்!” என்றாள் மச்சினி.

“கரப்பான்பூச்சிகூடத்தான் எல்லா இடத்துலயும் உயிரோட இருக்கு. அரைச்சுப் பூசிக்கிறியா?” என்றாள் என் மனைவி.

சண்டை மூன்று நாள் நடந்தது. கடைசியில் அம்மாவும் மகளும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மற்ற பாட்டிலையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, எட்டு வாரம் ஒரு கன்னத்தில் பாசி சீரம், மறு கன்னத்தில் பாசி இல்லாத, அதே பதத்தில் உள்ள வெறும் ஜெல். பாசிக் கன்னம் ஜெயித்தால், சிவப்பு ஆசிட் உள்பட எதைப் பூசினாலும் அம்மா குறுக்கே வரக்கூடாது. இல்லாவிட்டால் சிவப்பு பாட்டில் வீட்டைவிட்டுப் போகும். எது எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரியக்கூடாது. மூன்றாவது ஆள் வேண்டும், நம்பகமான ஆள். என்னைக் காட்டினார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது நடுங்காத கை இது. குளியலறையில் ‘வலது’, ‘இடது’ என்று எழுதிய இரண்டு குட்டி பாட்டிலை வைத்துக்கொண்டு சீரத்தைத் திறந்தேன். மூடி கழன்றது, பாட்டில் வழுக்கியது, தரையில் சுக்குநூறு. பாசிச் சாறு மொத்தமும் சாக்கடையில். இன்றைக்கு எங்கள் சாக்கடைக்கு வயது தெரியாது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் மச்சினி சிரிப்பாள், மகள் அழுவாள், மனைவி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, இரண்டு பாட்டிலிலும் வெறும் ஜெல்லையே ஊற்றினேன். ஒரு தாளில் ‘வலது: பாசி’ என்று எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டினேன். அட, ஒரு கன்னமும் ஜெயிக்காது, சிவப்பு பாட்டில் போய்விடும், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அறிவு கெட்டவன் நான்.

மூன்றாவது வாரமே மகள் கண்டுபிடித்துவிட்டாள். “வலது பக்கம்தாம்ப்பா! தொட்டுப் பாரு, எவ்வளவு மெத்துன்னு இருக்கு!” தொட்டேன். மெத்தென்றுதான் இருந்தது. இடதும் அப்படியேதான் இருந்தது. ஏழு பாட்டிலும் மூன்று தேய்ப்பும் நின்றதில் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி ஆறிக்கொண்டிருந்தன என்று எனக்குத் தோன்றியது. மச்சினி வந்தாள். “யம்மா, வலது கண்ணாடி மாதிரி மின்னுது! இடது பாவம், செத்துப்போய்க் கிடக்கு.” அன்றிலிருந்து மகள் முடியை இடப்பக்கம் இறக்கிவிட்டுக்கொண்டாள். ஃபோட்டோ எடுத்தால் வலது மட்டும். பேருந்தில் போனால் இடது கன்னம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருக்கை தேடுவாள். கண்ணாடி முன்னால் நின்று இடது கன்னத்தை, “சனியனே, நீ மட்டும் ஏன் இப்படி இருக்க!” என்று திட்டியதை என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மனைவி ஞாயிறுதோறும் விளக்கைப் பிடித்து மதிப்பெண் போட்டாள். வலது ஆறு, இடது ஆறு. அடுத்த வாரம் ஏழு, ஏழு. “வேணும்னே போடுறம்மா நீ! உனக்கு எதுவுமே நல்லா இருக்கக்கூடாது” என்று மகள் கத்தினாள். எட்டாவது வாரத்தில் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

உறையைப் பிரித்த காலை மச்சினியும் வந்திருந்தாள். ‘வலது: பாசி.’ மகள் குதித்தாள். மச்சினி கைதட்டினாள். மனைவி தன் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலை. என் கண்ணு போயிடுச்சு போலிருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன், மதிப்பெண் போட வேற ஆளை வெச்சுக்கட்டும்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் மச்சினி சிவப்பு பாட்டிலைத் திறந்துவிட்டாள். நெடி மூக்கைப் பிடுங்கியது. பிரஷைத் தோய்த்தாள். மகள் முகத்தை நீட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு.

“நிறுத்து!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. “ரெண்டு பக்கமும் வெறும் ஜெல்தான். பாசி பாத்ரூம்ல உடைஞ்சுபோச்சு. நான்தான் உடைச்சேன்.”

மச்சினியின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. நான் மேலும் உளறினேன். நான் பார்க்கிற கட்டடத்தில் லிஃப்ட் கதவை மூடும் பொத்தானுக்கு ஒயரே கிடையாது, அறுந்து ஆறு வருஷமாகிறது, ஆனாலும் எல்லாரும் அழுத்திவிட்டு, ‘சீக்கிரம் மூடுது’ என்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

மச்சினிதான் முதலில் தேறினாள். “விடுங்க மாமா. பாசி வேஸ்ட்னு தெரிஞ்சு போச்சுல்ல? ஆசிட்டாவது...”

“பாசியைப் பத்தி ஒண்ணுமே தெரியலை” என்றாள் மனைவி. “அதை யாருமே பூசலையே. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இந்த வீட்டுல எட்டு வாரம் நடந்தது சோதனையே இல்லை.” புருஷன் மானம் கப்பலேறிய நேரத்திலும் அவளுக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். எட்டு வாரமாக எதற்குப் பயந்தேனோ அதே பார்வை.

மகள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இடது பக்கம் தொங்கிய முடியை விரலால் விலக்கி, வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“சித்தி, அதை மூடுங்க” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “அப்பா, எட்டு வாரமா இந்தப் பக்கத்தை மூடிக்கிட்டே திரிஞ்சேனே. நீ பார்த்துக்கிட்டுதானே இருந்த?”

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் ரப்பர் பேண்டை எடுத்து முடி மொத்தத்தையும் பின்னால் இழுத்துக் கட்டினாள். இரண்டு கன்னமும் தெரிய என்னைக் கடந்து கல்லூரிக்குப் போனாள்.