இடம் மாறிய இரண்டு ஒயர்கள்

என் அண்ணி ஒரு கிடார் பழுதுபார்க்கும் கடையில் பதினோரு வருடம் காயில், அதாவது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், சுற்றினார். நானும் அங்கேதான், பக்கத்து மேசையில் கம்பி மாட்டுவேன். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பாகு. பேச்சில் அவ்வளவு இனிப்பு. கடவுள் மன்னிக்கட்டும், அந்த மனிதர் சிரித்தாலே எனக்குக் குமட்டும்.

எலக்ட்ரிக் கிடாரில் கம்பியைத் தட்டினால் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அண்ணி ஒரு சின்னக் கருவி பொருத்துவார். கம்பியின் அதிர்வை ஒரு காயில் பிடிக்கும். பேட்டரியில் ஓடும் சர்க்யூட் அதைப் பெருக்கி இன்னொரு காயிலுக்கு அனுப்பும். அந்தக் காயில் காந்தமாகி, கம்பியைத் தொடாமலேயே ஆட்டிக்கொண்டிருக்கும்.

"ஊஞ்சல் தள்ளுற மாதிரிதான்டி," என்பார் அண்ணி. "போற பக்கமே தள்ளினா ஆடிக்கிட்டே இருக்கும். எதிர்ல தள்ளினா நின்னுடும்."

இரண்டாவது காயிலின் ஒயர்களை இடம் மாற்றி ஒட்டினால் எதிரில் தள்ளும். சத்தம் நீளாமல் பொட்டென்று செத்துப்போகும்.

அண்ணி காய்ச்சலில் படுத்த மூன்று நாளில் பாகு தானே ஐந்து கிடாருக்கு ஒட்டி அனுப்பிவிட்டார். அதில் ஒன்று ஒரு வாத்தியாருடையது. சத்தம் சாகிறது என்று இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பாகு, கம்பி மட்டம் என்று சொல்லிப் புதுக் கம்பியை அவர் தலையில் கட்டினார். கூசாத வாய்.

மூன்றாம் முறை வாத்தியார் நேராக அண்ணியிடம் வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமை மேடையில வாசிக்கணும். கம்பியா, கருவியா?"

அண்ணி கிடாரின் பின்மூடியைத் திறந்தார். ஒயர்கள் மாறியிருந்தன. சரியாக ஒட்டித் தட்டினார். வாத்தியார் கையை வைத்து அமுக்கும்வரை சத்தம் ஓயவில்லை.

பாகு சிரிப்புக் குறையாமல் சொன்னார்: "பாத்தீங்களா சார், இவங்க ஒட்டினதுதான். வயசாகுது, கண்ணு சரியாத் தெரியல. நான் என்ன பண்றது?"

"அன்னைக்கு நான் காய்ச்சல்ல..."

"சரி விடும்மா. தப்பு யாருக்கும் வரும்."

வாத்தியார் அண்ணியைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரைப் போன்றவர்கள் அண்ணியின் கைவேலையைத் தேடித்தான் அந்தக் கடைக்கே வருவார்கள். அன்று வீட்டில் அண்ணி சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் மற்ற நான்கு கிடார்களும் திரும்பி வந்தன. நேற்றுவரை அண்ணியை "இந்தாம்மா" என்ற பாகு குழைந்தார். "அக்கா, நீங்க கை வச்சாத்தான் சரியாகும்."

"முதல்ல வாத்தியாருக்கு போன் போடுங்க. ஒட்டினது யாருன்னு சொல்லுங்க. அப்புறம் வைக்கிறேன்."

பாகு எங்கள் எதிரிலேயே போன் போட்டார். "சார், நேத்து சின்னக் குழப்பம். ஒட்டினது அக்கா இல்ல. புதுசா ஒரு ஆள் சேர்ந்திருக்கான், அவன் வேலை. நல்லாத் திட்டிட்டேன்."

கடையில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஈ காக்கை கிடையாது. எச்சிலை மிதித்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அண்ணி ஒயர் ஒட்டும் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பையை எடுத்தார்.

"அந்தப் புது ஆளையே கூப்பிட்டு ஒட்டிக்கோங்க முதலாளி."

நானும் எழுந்தேன்.