கிள்ளான் ஆற்றில் ஒரு முடிச்சு

கிள்ளான் ஆற்றில் படகேறிப் பழைய நகரத்தைப் பார்க்கப் போனேன். கோட்டையும் பாலமும் வழிகாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற அடக்கத்தோடுதான்.

படகை ஓட்டியதும் அந்த வழிகாட்டிதான்; ஒல்லியான, நரைத்த மனிதர். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் தன் லைஃப் ஜாக்கெட்டின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

செல்ஃபியில் தொப்பை இரட்டிப்பாகத் தெரிந்ததால் நான் என்னுடையதைக் கழற்றினேன். உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். மற்ற பயணிகள் என்னை முறைத்தார்கள்.

"போடுங்க பாஸ்."

"ஏண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியும் லா. நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேர இங்கதான் தேடி எடுத்தோம்."

என் முடிச்சையும் அவரே போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்தார்.

இப்போதெல்லாம் காரில் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். கோட்டை எந்தக் கரையில் இருந்தது என்பதுதான் மறந்துவிட்டது.