மஞ்சள் பிட் போன வழி

செம்பூரில் எங்களுடையது ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். அதில் நான், கணவர், மூன்றாவது படிக்கும் பெரியவள், மூன்று வயதுச் சின்னவள். நான்கு பேருக்கு அந்த இடம் தாராளம். சாமான்களுக்குத்தான் போதவில்லை. பீரோவைத் திறந்தால் முதலில் ஒரு பொம்மை யானை விழும். பிறகு அந்த யானை முட்டுக் கொடுத்துத் தாங்கியிருந்ததெல்லாம் விழும். சக்கரம் இல்லாத கார், கார் இல்லாத சக்கரம், யார் வீட்டுப் பிறந்தநாளிலோ கொடுத்தனுப்பிய பென்சில் டப்பா, அதே மாதிரி இன்னும் ஏழெட்டு பென்சில் டப்பா. ஒரு நாள் காலை ஸ்கூல் வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பெரியவளின் இடது கால் ஷூ கிடைக்காமல், வலது கால் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், வீட்டைக் காலி செய்துவிடுவது என்று. அதாவது எங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம்.

எனக்கு ஒரு காரியத்தில் வேகம் வந்துவிட்டால் எதிரில் யாரும் நிற்கக் கூடாது. சட்டம் போட்டேன். ஒரு வருஷமாகத் தொடாத பொருள் வீட்டை விட்டுப் போக வேண்டும். யார் கொடுத்ததானாலும் போக வேண்டும், யார் அழுதாலும் போக வேண்டும்.

"என்னைக் கடைசியா எப்போ யூஸ் பண்ணினே?" என்று கணவர் கேட்டார்.

லாஃப்டில் ஏறச் சொன்னேன்.

பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற பெண் கூடையோடு வந்தாள். ஒரு மூட்டைத் துணியை வாங்கிக்கொண்டு, பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை வைக்க இடமில்லை. பழைய சாமான் எடுக்கிற பங்கார்வாலா வந்தார். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, பொம்மை யானையை மட்டும் திருப்பித் தந்துவிட்டார். பெரியவள் தன் உடைந்த சைக்கிள் மணியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள், மறுநாள் நான் அரிசி அளக்கும்போது அது படியோடு சேர்ந்து மேலே வந்தது. இருந்தாலும் வீடு மெல்ல மெல்லத் தரை தெரியும் நிலைக்கு வந்தது.

கடைசியில் மிஞ்சியவை பிளவுஸ் பிட்கள். பெண்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆண்களுக்காகச் சொல்கிறேன். நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஒரு பிளவுஸ் பிட்டும் வைத்துத் தருவார்கள். அந்தத் துணியில் யாருக்கும் பிளவுஸ் தைக்க முடியாது. கை தைத்தால் முதுகு இருக்காது. எனவே மடிப்புக் கலையாமல் எடுத்துவைத்து, நம் வீட்டுக்கு வருகிறவருக்குக் கொடுப்போம். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவே இப்படிப் பல வருஷங்களாக அலைகிற பிட்கள் உண்டு. இதை யாரும் வெளியே சொல்வதில்லை. அவரவர் தன் வீட்டுப் பிட் மட்டும் நேற்றுத்தான் கடையில் வாங்கியது என்ற முகத்தோடு கொடுப்பார்கள். நானும் அப்படித்தான்.

இந்தப் பிட்களில் ஒன்று மட்டும் சின்னவளுடையது. மாம்பழ மஞ்சள், ஓரத்தில் பச்சை நூல். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ அவசரத்துக்கு அதைக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் விடவில்லை. மடித்த முனையை மூக்கில் தேய்த்துக்கொண்டேதான் தூங்குவாள். முனை மொடமொடவென்று இருக்க வேண்டும். கசங்கிவிட்டால், "பிட்டுக்கு ஒடம்பு சரியில்லே," என்று அழுவாள். அதனால் வாரா வாரம் அதைத் தோய்த்து, கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் இஸ்திரிக்காரரிடம் ஆபீஸ் சட்டைகளோடு கொடுப்பேன். பெட்டி போட்டு, சதுரமாக மடித்து, அன்றைக்கே கடையிலிருந்து வந்ததுபோல் திரும்பித் தருவார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் கொலுவையும் எளிமையாக்கினேன். மூன்றே படி. பீரோவில் இருக்கும் பிட்களையெல்லாம் வருகிறவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுவது, புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று திட்டம். பைகளில் போட்டுவைக்கும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அவர் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். ஒவ்வொரு பிட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புக் கலைந்ததைத் தள்ளி, சரியானதை எடுத்துவைத்தார். அதே நேரத்தில் இஸ்திரிக் கட்டும் வந்தது. சட்டைகளைப் பீரோவில் வைத்தார், மஞ்சள் பிட்டை மற்ற பிட்களோடு வைத்தார். அவர் பார்த்ததெல்லாம் சின்னவள் கையில் கசங்கிக் கிடக்கும் பிட்டைத்தான். பெட்டி போட்ட கோலத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

"இதைப் பாரு. மடிப்பு கலையவே இல்லே. இருக்கறதுலேயே இதுதான் ஏ ஒன் பீஸ்," என்றார்.

"அப்போ அதைக் கிங்ஸ் சர்க்கிள் மாமிக்கு வையுங்கோ," என்றேன். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் மாமி எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்தவர். சாயங்காலம் டாக்சியில் வந்தார், கொலுவைப் பார்த்தார், "சிக்குனு இருக்கு," என்றார். சுண்டலில் உப்பு ஒரு கல் தூக்கல் என்றார். பையை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி சின்னவள் கொலுவுக்கு வந்த குழந்தைகளோடு ஆடிய களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். மறுநாள் மத்தியானம் பாயில் படுத்துக்கொண்டு கையை நீட்டினாள். பிட் இல்லை. பாயைத் தூக்கிப் பார்த்தேன், வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், பிறகு கணவருக்கு ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"மஞ்சளா? பச்சை நூலா?" என்று கேட்டார். "அது ஏ ஒன் பீஸாச்சே," என்றார்.

என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். துண்டு, கணவரின் பெட்டி போட்ட கைக்குட்டை, இன்னொரு மஞ்சள் பிட். எல்லாவற்றையும் மூக்கில் ஒருமுறை தேய்த்துவிட்டு, "இது இல்லே," என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. அடுத்த நாள் மோர் சாதத்தின் மேலேயே தலை சாய்ந்தது, உடனே விழித்துக்கொண்டு மறுபடி அழுகை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும்.

வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் ஜனங்களில் கிடையாது. ஆனாலும் பஸ் பிடித்து, இரண்டு பெண்களோடு கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனேன். மாமி வீட்டுக் கொலுவைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

"ஒக்காருங்கோ. யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கோ," என்றார் மாமி.

எனக்குப் பாட வராது. பெரியவளைத் தள்ளிவிட்டேன். அவளுக்கும் வராது, ஆனால் கூச்சம் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "புடீல் ஸ்டேஷன் குர்லா. அக்லா ஸ்டேஷன் குர்லா. நெக்ஸ்ட் ஸ்டேஷன் குர்லா," என்று லோக்கல் ரயில் அறிவிப்பை மூன்று பாஷையிலும் ராகத்தோடு சொன்னாள். குர்லாவில் நிற்காமல் சயான், மாட்டுங்கா என்று தாதர் வரை போனாள்.

"தாளம் விடாம வந்துது," என்றார் மாமி.

நான் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பிப்பதற்குள் சின்னவள் மாமியின் முன்னால் போய் நின்றாள். "என் பிட்டைக் குடு," என்றாள்.

விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மாமியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "உள்ளே பத்திரமா வெச்சிருக்கேன்," என்று எழுந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "அது நேத்திக்கே போயிடுத்துடீ. உங்க பில்டிங்லே கீழ் வீட்டுக்காரி கொலு பாக்க வந்திருந்தா. அவளுக்குக் குடுத்துட்டேன்."

சின்னவள் தரையில் படுத்துக்கொண்டு அழுதாள். "அம்மா, இவ பார், நௌடங்கி பண்றா. சும்மா டிராமா," என்றாள் பெரியவள். அவளுக்கும் கண்ணில் நீர் இருந்தது. மாமி என் கையில் ஒரு பை கொடுத்தார். தேங்காய், பிளாஸ்டிக் கூடை, சீப்பு, கண்ணாடி, ஒரு நீலப் பிட். "நவராத்திரியும் அதுவுமா வெறுங்கையோட அனுப்பப்படாது," என்றார். வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.

கீழ் வீட்டுக்காரி முதலில், "ஐயோ, அதைத் தைக்கக் குடுத்துட்டேனே," என்றாள்.

"கௌன்ஸா டெய்லர், ஆன்ட்டி? எந்தக் கடை?" என்று பெரியவள் கேட்டாள். போலீஸ் கேட்கிற மாதிரி இருந்தது.

கீழ் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் எல்லாம் தெரியும். "நாத்தனார் காலம்பற வந்திருந்தா. கோபர்கைரனேக்குப் போயிடுத்து," என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்தாள். எவர்சில்வர் கிண்ணம், தேங்காய், ஒரு சிவப்புப் பிட்.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் சேர்த்துக்கொண்டு நான்கு பேரும் ரயிலில் கடற்கழிப் பாலத்தைத் தாண்டி கோபர்கைரனே போனோம். கீழ் வீட்டுக்காரி போனில் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். அந்த நாத்தனார் எங்களை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் கதவைத் திறக்கும்போதே, "வந்ததையெல்லாம் நேத்தே குடுத்துத் தீத்துட்டேனே," என்று கையைப் பிசைந்தார். தன் பீரோவில் இருந்த பிட் அத்தனையையும் கொண்டுவந்து சோபாவில் கொட்டினார். சின்னவள் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் தேய்த்தாள். இது இல்லே. இது இல்லே. கணவர் பக்கத்தில் நின்று, தள்ளியதையெல்லாம் மடித்து அடுக்கினார். கம்பெனியில்கூட அவர் அவ்வளவு கவனமாக வேலை பார்த்திருக்க மாட்டார். கடைசிப் பிட்டும் இல்லை என்றானபோது குழந்தை அழவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது, ஒரு ஷூவுக்காக அழுதபோதே இதையும் சேர்த்து அழுதிருக்கலாம் என்று தோன்றியது.

நாத்தனார் கதவோரம் வரிசையாக வைத்திருந்த பைகளில் எனக்கு ஒன்று, பெண் குழந்தைகள் என்பதால் அவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். தேங்காய்களைக் கணவர் சுமந்தார்.

வாஷியில் ரயில் மாறி உட்கார்ந்தோம். சின்னவள் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டாள். வெற்றிலையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள், சீப்பை அக்காவிடம் கொடுத்தாள். பிறகு மஞ்சளாக ஒன்று வந்தது. ஓரத்தில் பச்சை நூல். மூக்கில் தேய்த்தாள்.

இது இல்லே என்று சொல்லவில்லை. இன்னொரு முறை தேய்த்தாள்.

நாத்தனார் முந்தின நாளே கட்டிவைத்த பையில் அதைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார். போயே போய்விட்டது என்று கையைப் பிசைந்த அதே பிட்டைத் தன் கையாலேயே குழந்தைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரயில் பாலத்தைத் தாண்டுவதற்குள் சின்னவள் தூங்கிவிட்டாள், வாய் திறந்து, பிட் மூக்கின் மேலேயே. நாங்கள் மூன்று பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

செம்பூர் நெருங்கியது. "நெக்ஸ்ட் ஸ்டேஷன் செம்பூர்," என்று பெரியவள் ரகசியக் குரலில் சொன்னாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி ஸ்டேஷனான வி.டி. வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வந்து பைகளையெல்லாம் கொட்டினால், நான் கழித்ததைவிட அதிகம் வந்து சேர்ந்திருந்தது. தேங்காய்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். அதற்கு அப்படியாவது ஒரு உபயோகம் கிடைத்தது. கதையும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நவராத்திரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் பையில் ஒரு மஞ்சள் பிட். "ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கட்டும்," என்று கிங்ஸ் சர்க்கிள் மாமி மட்டும் கடையில் புதிதாக வாங்கியே கொடுத்தார். பில்லையும் காட்டினார்.

அத்தனையும் வீண். சின்னவள் இப்போது பெரிய ஸ்கூலுக்குப் போகிறாள். பிட் என்றால், "அது பாப்பாக்களுக்கு," என்கிறாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தானாகத் தூங்குகிறாள். எப்போதிலிருந்து என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் கேட்கவில்லை, அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

போன மாதம் கணவர் தானே முன்வந்து பீரோவைச் சுத்தம் செய்தார். மேல்தட்டிலிருந்து பச்சை நூல் ஓரம் வைத்த பிட்டை எடுத்து, பழக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பில் சாயம் வெளுத்து, முனை நைந்திருந்தது.

"இதை ஒரு வருஷமா யாரும் தொடலை. உன் சட்டப்படி போகணும், இல்லையா?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார்.

"கையை எடுங்கோ," என்றேன்.

மறுநாள் ஆபீஸ் சட்டைகளோடு அதையும் இஸ்திரிக்குக் கொண்டுபோனேன். இஸ்திரிக்காரர் துணிகளைப் பிரித்துப் பார்த்தார். வழக்கம்போல் ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலம் சதுரமாக மடித்து மேலே வந்தது. மூக்கில் வைத்து ஒருமுறை தேய்த்துவிட்டு மேல்தட்டில் வைத்தேன்.

தொட்டாகிவிட்டது. சட்டப்படி இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்.