கொப்பியில் விளையாத பயிர்

தமிழ்நாட்டு முகாமிலிருந்து இலுப்பைக்கடவைக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வயலைச் சுற்றிக் கண்ணிவெடி நாடா கட்டியிருந்தது. வெடி அகற்றி எப்போது உள்ளே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா காலையில் போய் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார். வயலை விட்டுப் போய், முகாமில் இருபது வருடமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மனிதர்.

"என்ர கைராசி இன்னும் கிடக்கோ தெரியேல்லை, பிள்ளை" என்பார். அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

நான் வேலை செய்த தட்டச்சுக் கடையில் ஒரு பழைய கொம்பியூட்டர் வீட்டுக்குக் கிடைத்தது. கூடவே, ஒரிஜினல் இல்லாத ஒரு கொப்பி சீடி. மேலே மார்க்கரால் ‘வயல் கேம்’ என்று கிறுக்கியிருந்தது. உழலாம், விதைக்கலாம், வெட்டலாம். அப்பாவைத் திரைக்கு முன்னால் கதிரையில் இருத்தி மவுஸைக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கதிரை கிடைக்கவில்லை.

மத்தியான வெக்கையில் முற்றமே மிதப்பதுபோல் இருக்கும். கதவால் உப்புக்காற்று வரும். திரையில் பயிர் அசையும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே எனக்குப் பிடிபடாது. பாதித் தூக்கத்தில் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

கதிர் வரும் நேரத்தில் எல்லாம் கருகிவிடும். தண்ணீர் கூடிப்போச்சு என்றார் முதலில். பிறகு, விதைத்த நாள் பிழை என்றார். ஐந்தாம் தரமும் கருகியது. அடுத்த நாள் சேர்ட்டு மாற்றிக்கொண்டு, விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் கமநல அலுவலகத்துக்குப் போய் நோயின் அறிகுறிகளை ஒப்புவித்திருக்கிறார்.

"எந்த வயல் ஐயா?"

"பிள்ளையின்ர கொம்பியூட்டரில."

அலுவலகமே சிரித்ததாம். எனக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. கோபத்திலேயே இன்டர்நெட்டில் அந்த விளையாட்டுக்காரர் கூடும் பக்கத்தில், என் அரைகுறை இங்கிலீசில் எழுதினேன்: என் அப்பா அனுபவமுள்ள கமக்காரர், உங்கள் பயிரில்தான் பிழை.

அங்கேயும் சிரிப்புத்தான். களவுக் கொப்பியில் மட்டும் பயிர் கருகும்படி கம்பனிக்காரர் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் கருகுது என்று கேட்டு வருகிறவர் தானாக மாட்டிக்கொள்வார். நான் ஊரறிய மாட்டியிருந்தேன்.

அப்பாவுக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"அப்ப கையில பிழையில்லை?"

"இல்லை அப்பா."

"ஓம் என்ன" என்றவரின் முகம் அப்படி மலர்ந்ததை முகாமில் ஒருநாளும் நான் கண்டதில்லை.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனபோது ஒரிஜினல் தேடி வாங்கினேன். களவுக் கொப்பிக்கு இப்படிப் பூட்டுப் போட்டால் விற்பனை கூடுமா என்று அந்தக் கம்பனிக்காரர் கணக்குப் பார்த்திருப்பார்கள். இலுப்பைக்கடவையில் ஒன்று கூடியது.

இந்தத் தரம் கதிர் கருகவில்லை. திரை முழுக்க மஞ்சள். அந்த வெளிச்சம் அப்பாவின் நெஞ்சிலும் கையிலும் விழுந்தது. அறுவடை செய்யச் சொல்லி ஒரு பட்டன் மின்னிக்கொண்டே இருந்தது.

"வெட்டுங்கோ அப்பா."

"பொறு. கொஞ்சம் நிக்கட்டும்."

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வெயில் சாய்ந்தது. அவர் அசையவில்லை.

"பிள்ளை, இப்பிடியே இதை ஒரு கொப்பி எடுத்து வைக்கேலாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.